இருக்கிற புலத்தை ‘இல்லை’ என்று சொல்லாத லெக்சர்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

படுவான்கரைப் பக்கத்து நெல் கொள்முதல் கணக்கு ஒன்றைப் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு தரவுத்தளத்தில் ஏற்றினோம். வட்டை, விவசாயி, ஏக்கர், மூட்டை, கொள்முதல் என்று ஐந்து புலங்கள். கல்லடியில் என் வீட்டு மேசையைச் சுற்றி மூன்று பிள்ளைகள். தாங்களே எழுதிய சின்னத் தரவுத்தளத்தில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். ‘செலெக்ட் கொள்முதல் ஃப்ரொம் கணக்கு’ என்று தட்டினால், ‘கொள்முதல் என்ற புலம் இல்லை’ என்று பதில் வருகிறது. புலம் திரையில் கண்முன்னே நிற்கிறது. அரைநாள் அதிலேயே போனது.

கடைசியில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி வந்த கோப்பில் ஒரு விதம் இருந்தது, பிள்ளை தட்டியதில் மற்ற விதம் இருந்தது. தரவுத்தளத்தின் உள்ளே எந்தக் கோளாறும் இல்லை. வினவலை முதலில் வாசிக்கும் லெக்சர்தான் இரண்டையும் இரண்டு பெயராக எடுத்துக்கொண்டது.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி படிக்கும் பிள்ளைகள் தரவுத்தளம் என்றவுடன் இன்டெக்ஸ், பி-ட்ரீ, ட்ரான்ஸாக்ஷன் என்று ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள். வாசலில் இருக்கும் லெக்சரையும் பார்சரையும் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வினவல் எழுதும் மனிதரோடு நேரே பேசுவது அந்த இரண்டும்தான். நீங்கள் எழுதிய சிறு தரவுத்தளம் ஏதாவது கையில் இருந்தால், அல்லது போஸ்ட்கிரஸ் போன்ற பெரிய ஒன்றின் மூலநிரலைத் தொட ஆசை இருந்தால், நாங்கள் நடந்த வரிசையில் நீங்களும் நடந்து பாருங்கள்.

பாதையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

லெக்சர் எழுத்துச் சரத்தை டோக்கன்களாக வெட்டுகிறது: இது ‘செலெக்ட்’ போன்ற சிறப்புச் சொல், இது பெயர், இது எண், இது குறி. பார்சர் அந்த டோக்கன்களை இலக்கண விதிப்படி அடுக்கி ஒரு மரமாக்குகிறது. பள்ளியில் பதம் பிரிப்பது முதல் வேலை, எழுவாய் பயனிலை காண்பது இரண்டாவது வேலை. அப்புறம்தான் அந்தப் பெயரில் அட்டவணை உண்டா, புலம் உண்டா என்ற ஆராய்ச்சி.

இந்தக் கடைசி வேலையைப் பார்சருக்குள் திணிக்காதீர்கள். போஸ்ட்கிரஸில் முதல் கட்டப் பார்சர் எந்த அட்டவணையையும் தேடிப் பார்ப்பதே இல்லை. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அட்டவணை விவரங்களைத் தேட ஒரு ட்ரான்ஸாக்ஷன், அதாவது முழுதாக முடியவோ முழுதாக ரத்தாகவோ வேண்டிய ஒரு வேலைத் தொகுதி, தேவை. வந்திருக்கும் வினவலே அதை ரத்துச் செய்யும் ‘ரோல்பேக்’ ஆக இருந்தால்? ட்ரான்ஸாக்ஷன் ஏற்கெனவே முறிந்து கிடக்கும் நேரத்திலும் அந்தக் கட்டளையை அடையாளம் காண முடியவேண்டும். அதனால் இலக்கணம் மட்டும் முதலில், அர்த்தம் பிறகு. உங்கள் சிறு தரவுத்தளத்திலும் இதே எல்லைக்கோட்டைப் போடுங்கள்.

கை வைக்கும் முன் வினவல்களைச் சேருங்கள்

நிரலைத் திறக்காதீர்கள். முதலில் நூறு வினவல் சேருங்கள். சரியானவை பாதி, பிழையானவை பாதி. பிழையானவற்றை நீங்களாக யோசித்து எழுதவேண்டாம். பழக்கமில்லாத ஒருவரைத் தட்டச் சொல்லி, அவர் செய்யும் தவறுகளை அப்படியே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இப்போதைய லெக்சர் தரும் டோக்கன் பட்டியலையும், பார்சர் தரும் மரத்தையும் அல்லது பிழைச் செய்தியையும் கோப்பில் சேமியுங்கள். இனி ஒரு வரி மாற்றினாலும் எல்லாவற்றையும் ஓட்டி, பழையதும் புதியதும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். போஸ்ட்கிரஸின் சோதனைகளை ஓட்டும் ‘மேக் செக்’ கட்டளை செய்வதும் அடிப்படையில் இதைத்தான். இலக்கணத்தில் ஒரு விதியைத் திருத்தினால் சம்பந்தமே இல்லாத இன்னொரு இடம் உடையும். பல தடவை பார்த்தாயிற்று. இந்த நூறு வினவல் இல்லாமல் உடைந்தது தெரியவே வராது.

ஒவ்வொரு டோக்கனுக்கும் இடம் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். டோக்கனில் அதன் வகையும் எழுத்தும் போதாது. மூல வரியில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இரண்டு எண்களும் வேண்டும். அந்த இடத்தை மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் கடத்துங்கள்.

இடம் தெரிந்தால் ‘வினவலில் பிழை’ என்ற பயனற்ற செய்தி, ‘14ஆவது எழுத்தில் காற்புள்ளிக்குப் பின் புலப் பெயர் வரவேண்டும்’ என்று மாறும். வேறு பயன்களும் உண்டு. போஸ்ட்கிரஸில் எந்த வினவல் அதிக நேரம் எடுக்கிறது என்று கணக்கு வைக்கும் கூடுதல் பகுதி ஒன்று இருக்கிறது. ‘ஏக்கர் > 5’, ‘ஏக்கர் > 7’ என்ற இரண்டையும் ஒரே வினவலாகக் காட்ட, அது எண்களை எடுத்துவிட்டு அங்கே ஒரு வெற்றிடக் குறியைப் போடுகிறது. எண் எங்கே இருந்தது என்பதைப் பார்சர் சொல்லி வைத்ததால்தான் அது முடிகிறது.

தமிழோடு வேலை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே பைட் கணக்கில் இடத்தை வையுங்கள், வெளியே மனிதருக்குக் காட்டும்போது எழுத்துக் கணக்குக்கு மாற்றுங்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘மட்டக்களப்பு’ என்று நாம் எட்டு எழுத்தாக வாசிப்பது, புள்ளிகளையும் உகரக் குறியையும் சேர்த்து 12 குறியீடு, 36 பைட். பைட் எண்ணை அப்படியே காட்டினால் அம்புக்குறி வரியைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும்.

இதே கணக்கு இன்னொரு இடத்திலும் கடிக்கும். போஸ்ட்கிரஸில் வழக்கமான அமைப்பில் ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத்தில் 63 எழுத்து, தமிழில் 21 குறியீடு மட்டுமே. ‘மட்டக்களப்பு_நெல்_கொள்முதல்’ என்று அட்டவணைக்குப் பெயர் வைத்தால் 77 பைட் ஆகிறது. ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு ‘மட்டக்களப்பு_நெல்_கொள்’ என்று வெட்டிவிடும். உங்கள் தரவுத்தளத்தில் வரம்பு வைப்பதென்றால் சத்தமில்லாமல் வெட்டாதீர்கள். பிழை என்று சொல்லி நிறுத்துங்கள்.

லெக்சரில் தமிழ் எங்கே உடைகிறது

பிள்ளைகள் பெரும்பாலும் பைதனில் தொடங்குகிறார்கள். பெயரை அடையாளம் காண ‘இது எழுத்தா’ என்று கேட்கும் தயார்ச் செயற்பாட்டை, அல்லது ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்ற குறியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ‘மீன்’ என்று கொடுத்தால் ‘ம’, ‘ன’ என்று இரண்டு துண்டாக வருகிறது. உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோட் வகைப்படி எழுத்து அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய பாடங்களில் இது வரவே வராது. ஆனால் நம் பெயர்களில் பெரும்பாலானவை இங்கேயே உடைந்துவிடும்.

சரியான வழி, யூனிகோட் அமைப்பு பெயர்களுக்கென்றே வகுத்திருக்கும் இரண்டு பட்டியல்களைப் பின்பற்றுவது: பெயரைத் தொடங்கக்கூடியவை, பெயரைத் தொடரக்கூடியவை. ஒட்டுக்குறிகள் இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. பைதனில் ‘இது பெயராகுமா’ என்று கேட்கும் செயற்பாடு அந்தப் பட்டியல்களின்படியே நடக்கிறது. குறியீட்டுக்கு முன்னால் ஓர் அகரத்தை ஒட்டிக் கேட்டால், அது பெயரின் நடுவில் வரலாமா என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

போஸ்ட்கிரஸும், எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளமும் இன்னும் எளிய வழியில் போகின்றன. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், அடிப்படைக் குறிகள்) எல்லையைத் தாண்டிய எந்தப் பைட்டையும் பெயரின் பகுதியாக ஏற்றுக்கொள்கின்றன. வேகமானது, தமிழும் உடையாது. ஆனால் ஒரு விலை உண்டு. வேர்ட் கோப்பிலிருந்து வினவலை ஒட்டும்போது நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். அந்த வளைந்த குறியும் ஆஸ்கிக்கு வெளியேதான். ஆகவே ‘சம்பா’ என்று நீங்கள் மேற்கோளுக்குள் எழுதிய மதிப்பை, மேற்கோளையும் சேர்த்து ஒரு புலப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அப்படி ஒரு புலம் இல்லை என்று போஸ்ட்கிரஸ் சொல்லும். புதியவருக்கு இதைவிடக் குழப்பமான செய்தி கிடையாது. உங்கள் லெக்சரில் வளைந்த மேற்கோள், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள், உடையா இடைவெளி ஆகிய மூன்றையும் தனியாகப் பிடித்து, ‘இங்கே வளைந்த மேற்கோள் இருக்கிறது, நேர் மேற்கோள் போடுங்கள்’ என்று சொல்ல வையுங்கள். பத்து வரி வேலை. அது மிச்சப்படுத்தும் நேரம் பெரிது.

சரி, தொடக்கத்தில் சொன்ன ‘கொ’ சிக்கலுக்கு வருவோம். தீர்வுக்குப் பெயர் இயல்பாக்கம். ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. வினவல் முழுவதையும் இயல்பாக்கிவிடலாம் என்று ஒரு பிள்ளை சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கோளுக்குள் இருப்பது பயனர் தந்த தரவு, கேட்காமல் அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. டோக்கன் இடங்களும் மூல வரியோடு பொருந்தாமல் போய்விடும். ஆகவே பெயர் டோக்கனை வெட்டிய பிறகு, அந்தப் பெயரை மட்டும் இயல்பாக்குங்கள். அட்டவணையை உருவாக்கும்போதும், தேடும்போதும், இரண்டு இடத்திலும். போஸ்ட்கிரஸ் பெயர்களுக்கு இதைச் செய்வதில்லை. தரவுக்குள் இருக்கும் எழுத்தை இயல்பாக்க 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து தனிச் செயற்பாடு தந்திருக்கிறது.

நீளமானதை எடுத்துக்கொள்

‘பலகை’ என்பதைப் பல கை என்றும் பிரிக்கலாம், ஒரே சொல்லாகவும் எடுக்கலாம். லெக்சரின் பொது விதி, எவ்வளவு நீளம் எடுக்கமுடியுமோ அவ்வளவையும் எடுப்பது. ‘<=’ வந்தால் ‘<’ என்று நிறுத்தாமல் இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீளமானதை எடுத்தால் ‘ஏக்கர்<-1’ என்பதில் ‘<-’ ஒரு புதிய குறியாகிவிடும். போஸ்ட்கிரஸில் பயனரே புதுக் குறிகளை உருவாக்கலாம் என்பதால் இதற்கென்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சில சிறப்பு எழுத்துகள் உள்ளே இல்லாதவரை, பல எழுத்துக் குறி ஒன்று கூட்டலிலோ கழித்தலிலோ முடியக்கூடாது.

எண்களிலும் இப்படியே. ‘123அ’ என்று இடைவெளி இல்லாமல் எழுதினால் முன்பு போஸ்ட்கிரஸ் அதை 123 என்ற எண்ணாகவும் அதற்கு ‘அ’ என்று சூட்டிய பெயராகவும் வாசித்தது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் அதைப் பிழை என்று நிறுத்துகிறது. எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடித்தது. தட்டுப்பிழையை அர்த்தமுள்ளதாக வாசிக்கும் லெக்சர் உதவி செய்வதுபோல் தெரியும், உண்மையில் தவறான விடையைக் கையில் தருகிறது.

வினவலுக்குள் எழுதி வைக்கும் கருத்துரைகளை (கொமென்ட்) பற்றிச் சுருக்கமாக: ஒரு கருத்துரைக்குள் இன்னொன்று வரலாமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். போஸ்ட்கிரஸ் ஏற்கும், எஸ்கியூலைட் ஏற்காது. எதை எடுத்தாலும் சோதனை எழுதி வையுங்கள்.

சிறப்புச் சொல் சேர்ப்பதில் கஞ்சத்தனம் நல்லது

புதிய வசதி ஒன்றுக்காகச் சிறப்புச் சொல் ஒன்றைச் சேர்த்தால், அதே பெயரில் புலம் வைத்திருப்பவரின் வினவல் மறுநாள் உடையும். ‘வட்டை’ என்பதைச் சிறப்புச் சொல்லாக்கினால் எங்கள் நெல் கணக்கு நின்றுவிடும். அதனால் போஸ்ட்கிரஸ் சிறப்புச் சொற்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. எங்கும் பெயராகப் பயன்படுத்தலாம் என்பது ஒரு முனை, எங்கும் முடியாது என்பது மறுமுனை. புதுச் சொல்லை எப்போதும் தளர்ந்த வகையில் சேர்க்கப் பாருங்கள், இலக்கணம் இடம் தராவிட்டால் மட்டும் ஒரு படி இறுக்குங்கள். எஸ்கியூலைட்டுக்குப் பார்சர் உருவாக்கும் லெமன் கருவியில் இதற்கு இன்னொரு அழகான வழி: சிறப்புச் சொல்லாக வைத்து விதி பொருந்தாவிட்டால், அதைச் சாதாரணப் பெயராக எடுத்துக்கொண்டு மறுபடி முயல்கிறது.

சொல்லைத் தேடும் வேகம் பற்றிப் பிள்ளைகள் நிறையக் கவலைப்படுகிறார்கள். போஸ்ட்கிரஸ் நீண்ட காலம் இருகூறுத் தேடலில்தான் ஓடியது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் மோதலே இல்லாத ஹேஷ் முறைக்கு மாறியது. உங்களுடையதை முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

பார்சர்: சிக்கும் மூன்று இடங்கள்

கற்றுக்கொள்வதற்காக எழுதுகிறீர்கள் என்றால் கையால் எழுதும் இறங்குமுகப் பார்சரே என் பரிந்துரை. விதிக்கு ஒரு செயற்பாடு, உடைந்தால் எங்கே என்று தெரியும். கணிதக் கோவைகளுக்குக் கணினி ஆய்வாளர் வோன் பிராட் 1973இல் சொன்ன முறையைச் சேருங்கள்: ஒவ்வொரு குறிக்கும் ஒரு பலம், பலம் கூடியது முதலில் சேரும். ‘ஓர்’ (அல்லது) 1, ‘அண்ட்’ 2, ‘நொட்’ 3, ஒப்பீடு 4, கூட்டல் 5, பெருக்கல் 6.

முதல் சிக்கல் ‘பிட்வீன்’. ‘ஏக்கர் பிட்வீன் 2 அண்ட் 5 அண்ட் மூட்டை > 40’. இரண்டு ‘அண்ட்’, இரண்டு வேலை. ‘பிட்வீன்’ கண்டதும் அடுத்த கோவையை 5ஆம் பலத்திலிருந்து மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அது முதல் ‘அண்ட்’டைத் தொடாமல் நிற்கும். அதை நீங்களே விழுங்கிவிட்டு, மேல் எல்லையையும் அதே பலத்தில் வாசியுங்கள். இரண்டாவது ‘அண்ட்’ தானாகவே வெளியே வந்து நிற்கும்.

இரண்டாவது ‘நொட் இன்’, ‘நொட் லைக்’. கோவைக்குப் பின் ‘நொட்’ வந்தால் அடுத்த டோக்கனையும் எட்டிப் பார்க்கவேண்டும். பைசன் கருவி உருவாக்கும் பார்சர் ஒரு டோக்கனுக்கு மேல் எட்டிப் பார்க்காது. ஆகவே போஸ்ட்கிரஸில் லெக்சருக்கும் பார்சருக்கும் நடுவே ஒரு சின்னச் செயற்பாடு நின்று, பின்னால் ‘இன்’ வருகிறது என்று கண்டால் ‘நொட்’டை வேறொரு டோக்கனாக மாற்றிக் கொடுக்கிறது. கையால் எழுதினால் உங்களுக்கு ஒரு ‘இஃப்’ போதும்.

மூன்றாவது ஆழம். பத்தாயிரம் அடைப்புக்குறியைத் திறந்துகொண்டே போகும் வினவலை உங்கள் பார்சருக்குக் கொடுத்துப் பாருங்கள். செயற்பாடு தன்னையே அழைத்து அழைத்து நினைவக அடுக்கு நிரம்பி, தரவுத்தளமே விழும். ஒருவர் தட்டிய ஒரு வரி எல்லோருடைய வேலையையும் நிறுத்தக்கூடாது. ஆழத்தை எண்ணுங்கள், வரம்பு மீறினால் பிழை சொல்லி நிறுத்துங்கள். எஸ்கியூலைட் கோவையின் ஆழத்துக்கு வழக்கமாக 1000 என்ற வரம்பை வைத்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். நீண்ட ‘ஓர்’ சங்கிலியை இடப்பக்கம் ஆழமாகத் தொங்கும் மரமாக்காமல், ஒரே கணுவின் கீழ்ப் பட்டியலாகத் தட்டையாக்கிவிடுங்கள். போஸ்ட்கிரஸும் இலக்கணக் கட்டத்திலேயே அப்படிச் செய்கிறது.

போஸ்ட்கிரஸ் மூலநிரலைத் தொடுவதானால்

லெக்சரை உருவாக்கும் ஃப்ளெக்ஸ், பார்சரை உருவாக்கும் பைசன் இரண்டையும் நிறுவுங்கள். ‘ஸ்கேன் டொட் எல்’ லெக்சர், ‘கிராம் டொட் வை’ இலக்கணம். இரண்டும் பார்சர் கோப்புறையில் இருக்கும். லெக்சர் பின்னோக்கித் திரும்பி வாசிக்க நேரும் நிலை ஒன்றுகூட இருக்கக்கூடாது, அது வேகத்தைத் தின்னும். ஃப்ளெக்ஸே அதைச் சோதித்துச் சொல்லும். இலக்கணத்திலும், ஒரே இடத்தில் இரண்டு விதி பொருந்தும் முரண் ஒன்றுகூட ஏற்கப்படாது என்று கோப்பின் தலையிலேயே அறிவித்திருக்கிறார்கள். முன்னுரிமைக் குறி போட்டு முரணை மூடிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் விதியை வேறு மாதிரி எழுதினால் முரண் மறையும். லெக்சர் விதி ஒன்றை மாற்றினால் அதே விதியின் நகல் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்: பயனர் தட்டும் பிசீக்வெல் கருவியில் ஒன்று, சீ நிரலுக்குள் வினவல் எழுத உதவும் ஈசிபிஜியில் இன்னொன்று. மூன்றும் ஒன்றுபோல் இருக்கவேண்டும்.

கடைசியாக, குலைத்துப் பாருங்கள்

உங்கள் நூறு வினவலில் ஒன்றை எடுங்கள். ஓர் எழுத்தை நீக்குங்கள், ஒன்றை இரட்டியுங்கள், நடுவில் வெட்டுங்கள். இதைச் சிறு நிரல் ஒன்று இரவெல்லாம் செய்யட்டும். எந்த உள்ளீட்டுக்கும் விடை அல்லது இடத்தோடு கூடிய பிழைச் செய்தி, இரண்டில் ஒன்று வரவேண்டும். செயலிழப்பும் முடிவில்லாச் சுழலும் வரக்கூடாது. எங்களுக்கு முதல் இரவிலேயே மாட்டியது, மூடாத மேற்கோள். வரி முடிந்த பிறகும் லெக்சர் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. அதன் செய்தியில் வரி எங்கே முடிந்தது என்று சொல்வதைவிட, மேற்கோள் எங்கே திறந்தது என்று காட்டுவதுதான் தட்டியவருக்கு உதவும்.

மாட்டிய ஒவ்வொன்றையும் சோதனைக் கோப்புறையில் எண் போட்டுச் சேருங்கள். எங்களுடையதில் 001 என்ற கோப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘செலெக்ட் கொள்முதல் ஃப்ரொம் கணக்கு’. ‘கொ’வை ஒற்றைக் கொம்பும் அரவுமாகத் தனித்தனியே தட்டி வைத்திருக்கிறோம்.